மகன் கொடுத்த பழம்

அப்பா, மகன் கதை என்றாலே சண்டையைத்தான் எதிர்பார்க்கிறோம். படிப்பு, கல்யாணம், சொத்து என்று ஏதோ ஒன்றில் இருவரும் முட்டிக்கொண்டு, கடைசியில் கட்டிப்பிடித்து அழ வேண்டும். சிறுகதைக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை. தான் வளர்க்கும் பிள்ளையைத் தானே சரியாக அறியாமல் இருப்பதுதான் தகப்பனின் மூல முரண். அது விலகும் கணத்தில் உறவு பிறக்கிறது.

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ சிறுகதை இதற்கு நல்ல சான்று. ஓடும் ரயில். அப்பா, சின்னப் பையன், அவன் கையில் ஒரு ஆரஞ்சுப் பழம். அதே பெட்டியில், வீட்டு வேலைக்காகக் கல்கத்தா போகும் ஒரு சிறுமி. பெரியவர்கள் அவள் கதையை விசாரித்து மனம் கசிகிறார்கள். பையனோ, அவ்வளவு நேரம் வைத்திருந்த பழத்தை அவளுக்கே கொடுத்துவிடுகிறான். கொடு என்று யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் அவர்களிடம் மிச்சம் இருக்கும். அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். பிள்ளைக்கு நல்லது சொல்லித் தருவது தன் வேலை என்றிருந்த அப்பா, அங்கே பிள்ளையிடம் கற்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து, பின்பு வானொலியின் கல்வி ஒலிபரப்பில் பணிபுரிந்தவர் ஜானகிராமன். கற்பிப்பவர் கற்கும் இடத்தை அவர் துல்லியமாகப் பிடித்திருக்கிறார்.

‘இருவருமே நல்லவர்கள், இதில் மோதல் எங்கே? கொடுமைக்கார அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கதை என்ன சொல்லும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னர் 1939-இல் வெளியிட்ட ஒரு கதையில், கோபம் வந்தால் அடுத்தவர் கொட்டகைக்குத் தீ வைக்கும் அப்பாவை, பத்து வயது மகனே காட்டிக்கொடுக்கிறான். பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. இருட்டில் தனியே உட்கார்ந்து, ‘அப்பா தைரியசாலி’ என்று சொல்லிக்கொள்கிறான். வீடு திரும்பவில்லை. அப்பாவை முழுசாகத் தெரிந்துகொண்ட பிறகும் பாசம் அறுபடவில்லை. அன்புக் கதையானாலும் கொடூரக் கதையானாலும், ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

பிள்ளையை அறியாத அப்பா கதையில் மட்டும் இல்லை. சென்னைப் புறநகரில், வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே ஊரப்பாக்கம் நிலையத்தில், விடிவதற்குள் மின்சார ரயிலுக்கு நிற்கும் அப்பாக்கள் உண்டு. அவர்கள் வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். சண்டைக்குக்கூட நேரமில்லாத வீடு வெளியே அமைதியாகத் தெரியும். உள்ளே அறியாமை வளரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘சிலிர்ப்பு’ கதையைப் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். படித்து முடித்ததும் முதலில் அவன் பேசட்டும்.