கோழி வாங்கும் முன் கேட்க வேண்டியவை
(குடிகாட்டில் நடந்த அறக்கட்டளையின் வாழ்வாதார உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. கணவரை இழந்த நம் சகோதரிகள் சிலருக்கு ஸகாத் நிதியிலிருந்து ஆளுக்குப் பத்துக் கோழிகள் வாங்கிக் கொடுத்தோம். விற்றவர் ‘நாட்டுக்கோழி’ என்றார். பல நிறத்தில் அழகாக இருந்தன. நாங்களும் நம்பினோம். சில மாதங்கள் கழித்து ஒரு சகோதரி வந்து, “பாய், முட்டை நல்லாத்தான் போடுது. ஆனா ஒண்ணுகூட அடையில உட்கார மாட்டேங்குதே, குஞ்சு எப்படி எடுக்கிறது?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் விசாரித்தோம். விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்கிறோம்.

கோழி எல்லாம் ஒன்றல்ல. பொரிப்பகத்தில் இன்குபேட்டரில் ஆயிரக்கணக்கில் பொரிக்கும் குஞ்சு ஒரு வகை. குணமும் உருவமும் கெடாமல் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் சாதிக்கோழி இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவில் நம் கொல்லையில் மேயும் சிறுவிடைக் கோழி இருக்கிறது.

பொரிப்பகத்தின் கணக்கு முட்டையும் எடையும்தான். நம் ஊர்க் கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாள் அடைகாத்து, பிறகு இரண்டு மாதம்போல குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும். அந்த நாட்களில் முட்டை கிடையாது. அதனால்தான் ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டையோடு நின்றுவிடுகிறது. பண்ணைக்காரருக்கு இது நஷ்டம். ஆகவே அடைக்கு உட்காராத கோழிகளையே பல தலைமுறை தேர்ந்தெடுத்து, 300 முட்டைக்கு மேல் இடும் இனங்களை உருவாக்கினார்கள். முட்டை கூடியது, அடைகாக்கும் குணம் போயிற்று.

ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரின் கிரிராஜா, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி ஆகியவை புறக்கடையில் வளர்க்க என்றே வந்தவை. நல்ல கோழிகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பார்வைக்கு நாட்டுக்கோழி போல இருப்பதாலேயே அவை நாட்டுக்கோழி ஆகிவிடாது. கலப்பில் வந்த கோழியின் முட்டையைப் பொரித்தால் குஞ்சும் தாயைப் போலவே இருக்கும் என்ற உறுதி இல்லை. திரும்பவும் காசு கொடுத்துத்தான் குஞ்சு வாங்க வேண்டும்.

சாதிக்கோழி என்றால் நம் பக்கம் பெருவிடை, அதாவது அசில். ‘அஸ்ல்’ என்ற அரபிச் சொல்லுக்கு வேர், மூலம் என்று பொருள். மூலம் கெடாதது ‘அஸீல்’. பட்டாணிக் கொண்டை, நிமிர்ந்த நிற்பு, நீண்ட கழுத்து, உறுதியான கால், உடம்போடு ஒட்டிய குறைந்த இறகு, இல்லாதது போன்ற தாடி என்று இதற்கு அடையாளங்கள் உண்டு. இப்படி ஒவ்வோர் இனத்துக்கும் இலக்கணம் எழுதி 1865-இல் இங்கிலாந்திலும் 1874-இல் அமெரிக்காவிலும் நூல் வெளியிட்டார்கள். நம் நாட்டில் இனங்களைப் பதிவு செய்யும் நிறுவனம் கர்னாலில் இருக்கிறது. அசில் முட்டை குறைவாகத்தான் இடும், வளரவும் நாளாகும். ஆனால் அடைகாப்பதில் கெட்டிக்காரி. விலை அதிகம் என்பதால் ஏமாற்றும் அதிகம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பிராணிகளை மோதவிடுவதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் தடுக்கிறது. சண்டைக்காக வளர்க்க அறக்கட்டளை ஒரு பைசாவும் தராது.

ஆகவே வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் தாய்க்கோழியைக் காட்ட முடியுமா? அது அடையில் உட்கார்ந்து குஞ்சு எடுத்ததா? என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறது? முட்டை விற்றுப் பிழைக்க நினைப்பவருக்குப் பொரிப்பகக் கோழி பொருந்தும். குஞ்சு பெருக்கி நிலையாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்குச் சிறுவிடைதான் ஏற்றது. எந்தக் கோழியானாலும் வெள்ளைக்கழிச்சல் ஒரே வாரத்தில் பஞ்சாரத்தைக் காலியாக்கிவிடும். பிப்ரவரி மாதம் கால்நடைத்துறை நடத்தும் இலவச இருவாரத் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள்.

விற்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. கலப்புக் கோழியைக் கலப்பு என்று சொல்லி விற்பதில் குற்றம் இல்லை. அசில் என்று சொல்லி விற்றால் அது ஈரத்தை மறைத்த தானியம்தான். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்பில் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்களையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஸகாத் பணம் அமானிதம். விசாரிக்காமல் செலவழித்தது எங்கள் பிழை. அந்தச் சகோதரிகள் ஒவ்வொருவருக்கும் அடைகாத்துப் பழகிய இரண்டு சிறுவிடைப் பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கிக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். இந்தச் செலவு ஸகாத் நிதியில் சேராது, நிர்வாகிகளாகிய நாங்களே ஏற்கிறோம். உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட பெட்டை இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், நியாய விலை தருகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்து, நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.