ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை கிலோ?



உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பேரியாட்ரிக் சர்ஜரி என்று ஆஸ்பத்திரி போர்டுகளில் பார்த்திருப்பீர்கள். நான் ஓர் உணவியல் நிபுணர். இந்த ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களோடும் செய்துகொண்டவர்களோடும் உட்கார்ந்து, எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று பேசுவது என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ குறையும் மேடம்?" என்றுதான். அடுத்த கேள்வி கொஞ்சம் தயங்கி வரும்: "கல்யாணத்தப்போ அறுபது கிலோதான் இருந்தேன். திரும்ப அப்படி ஆயிடுவேனா?"

அந்த இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் கிடைக்காமலே பலர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விடுகிறார்கள். அதனால் ஆபரேஷன் நன்றாக வேலை செய்திருந்தும், தோற்றுப்போய்விட்டதாக நினைத்து மனம் உடைகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அதனால் இன்று கணக்கோடு பேசலாம். கையில் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற சிகிச்சை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேறு. இதில் கொழுப்பை யாரும் தொடுவதில்லை. நம் நாட்டில் அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலோ வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது குழாய் போன்ற ஒரு சிறு பை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்த பகுதியில்தான். ஆகவே வயிறு சிறுத்துப்போவதோடு, பசியும் அடங்கிப்போகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சின்னஞ்சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியை மேலே இழுத்து அதோடு இணைத்துவிடுவார்கள். சாப்பாடு கொஞ்ச தூரம் சுற்றுவழியில் போகும்.

இப்போது கணக்கு. ஓர் அம்மா. உயரம் 160 சென்டிமீட்டர், எடை 110 கிலோ. அவருடைய பி.எம்.ஐ., அதாவது உடல் நிறைக் குறியீடு, 43. ஸ்லீவ் செய்துகொள்கிறார். "60 சதவீதம் குறையும்" என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுகிறது. 110 கிலோவில் 60 சதவீதம் என்று மனக்கணக்கு போட்டால் 66 கிலோ குறைந்து 44 கிலோவுக்கு வந்துவிட வேண்டும். அந்த அம்மா அவ்வளவு ஒல்லியாக ஆசைப்படக்கூட இல்லை. ஆனால் அந்த 60 மனதில் உட்கார்ந்துவிடுகிறது.

டாக்டர்கள் சொல்லும் 60 சதவீதம் மொத்த எடையில் கிடையாது. மிகை எடையில். இயல்பான எடையின் மேல் எல்லை பி.எம்.ஐ. 25 என்று வைத்தால், 160 சென்டிமீட்டர் உயரத்துக்கு எடை 64 கிலோ. 110-லிருந்து 64-ஐக் கழித்தால் 46. இந்த 46 கிலோதான் மிகை எடை. அதில் 60 சதவீதம் ஏறக்குறைய 27 கிலோ. இன்னொரு டாக்டர், "மொத்த எடையில் கால் பங்கு குறையும்" என்பார். 110-ல் கால் பங்கும் ஏறக்குறைய 27 கிலோதான். ஒருவர் 60 என்கிறார், ஒருவர் 25 என்கிறார். முதலாமவர் கெட்டிக்காரர் என்று நினைத்து அங்கே ஓடாதீர்கள். இரண்டு பேரும் சொல்வது ஒரே 27 கிலோவைத்தான். இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23 தான் அளவு என்று வைத்துக் கணக்குப் போட்டால் அதே 27 கிலோ 53 சதவீதமாக மாறிவிடும். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, "எனக்கு எத்தனை கிலோ?" என்று கேளுங்கள்.

ஒன்றரை வருடம் கழித்து அந்த அம்மா 82, 83 கிலோவில் இருப்பார். பைபாஸ் என்றால் இன்னும் ஐந்தாறு கிலோ கூடுதலாகக் குறையலாம். சுவரில் மாட்டியிருக்கும் அட்டவணையில் அவர் அப்போதும் உடல் பருமன் என்ற கட்டத்தில்தான் இருப்பார். அது நல்ல பலன். மிக நல்ல பலன். அவருக்கு யாரும் அதை முன்கூட்டியே சொல்லவில்லை, அதுதான் குறை.

எல்லோருக்கும் ஒரே அளவில் குறையவும் செய்யாது. வயது, ஆரம்ப எடை, சர்க்கரை நோய், இன்சுலின், சில மனநல மருந்துகள், உடல்வாகு என்று எத்தனையோ சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒரே நாளில் ஒரே டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் தினமும் எடையை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். குறைவாக இறங்கியவர், "நான் திருட்டுத்தனமாகச் சாப்பிடுறேன்னு வீட்டுல நினைக்கிறாங்க" என்று அழுவார். அவர் ஒன்றும் தப்பு செய்திருக்க மாட்டார்.

எடை இறங்குவதும் படிப்படியாக, ஒரே சீராக நடப்பதில்லை. முதல் இரண்டு வாரம் மளமளவென்று இறங்கும். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்தும் அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் சேர்ந்து வெளியேறுவதால் வரும் வேகம் அது. மூன்றாவது வாரம் வாக்கில் பலருக்கு முள் நின்றுவிடும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம், அசையாது. அப்போதுதான் போன் வரும். நாள் முழுக்க இரண்டு டம்ளர் பருப்புத் தண்ணீரும் மோரும் மட்டும் குடிக்கிறேன், ஒரு கிராம்கூட இறங்கவில்லை, உள்ளே தையல் விட்டுப்போச்சா என்று பதறுவார்கள். தையல் எங்கேயும் போகவில்லை. உடம்பு தண்ணீரைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த நேரத்தில் இன்னும் பட்டினி கிடக்கக் கூடாது. தினமும் காலையில் எடை பார்ப்பதை விட்டு, வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஒரே மெஷினில் பாருங்கள். மருந்துக்கடை மெஷினில் ஒரு நாள், ஜிம் மெஷினில் ஒரு நாள் என்று ஏறி இறங்கினால் நிம்மதிதான் குறையும்.

எடை மிகக் குறைந்து நிற்பது பொதுவாக ஒரு வருடத்துக்கும் இரண்டு வருடத்துக்கும் இடையில். அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் மறைக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டில் 1987-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு உண்டு. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இரண்டாயிரம் பேர், செய்துகொள்ளாதவர்கள் இரண்டாயிரம் பேர் என்று பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக மொத்த எடையில் 32 சதவீதம் குறைந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது அது 25 சதவீதம். ஆபரேஷன் செய்யாதவர்களின் எடை அத்தனை வருடத்திலும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இறப்பும் குறைவு.

பின்லாந்தில் 240 பேரை வைத்து ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்டார்கள். பத்தாவது வருடத்தில் ஸ்லீவ் செய்தவர்களுக்கு மிகை எடையில் சுமார் 44 சதவீதம், பைபாஸ் செய்தவர்களுக்கு சுமார் 51 சதவீதம் குறைந்து நின்றது. நம் 110 கிலோ அம்மாவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 82-க்கு இறங்கியவர் பத்து வருடம் கழித்து 90 கிலோவில் இருக்கலாம். "எட்டு கிலோ ஏறிடுச்சே" என்று வீட்டில் சொல்வார்கள். இருபது கிலோ குறைத்து, பத்து வருடமாக அதை ஏறவிடாமல் வைத்திருக்கிறார் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வெறும் டயட்டில் இதைச் செய்தவர்கள் மிகச் சிலர்தான்.

ஏன் ஏறுகிறது? எடை குறைந்த உடம்புக்குச் செலவாகும் சக்தியும் குறைவு. இழந்ததைத் திரும்பப் பிடிக்க உடம்பு எப்போதும் முயன்றுகொண்டே இருக்கும். ஆரம்பத்தில் காணாமல் போன பசி மெல்லத் திரும்பும். இவை யாருடைய மனஉறுதிக் குறைவும் இல்லை. அதே சமயம், நாம் கவனிக்க வேண்டிய பங்கும் உண்டு. அரைச் சப்பாத்தி தொண்டைக்குக் கீழே நின்றுகொண்டு படாத பாடு படுத்தும். ஐஸ்கிரீம், பாதாம் பால், வாயில் கரைகிற மைசூர்பாகு எல்லாம் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மிக்சர் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கிறவருக்கு சின்ன வயிறு பெரிய பாதுகாப்பு தராது.

நம் சாப்பாட்டில் எனக்கு இருக்கும் பெரிய கவலை புரதம். ஆபரேஷனுக்குப் பிறகு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராமாவது தேவை. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம். ஓர் இட்லியில் 2 கிராம். கால் கப் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும் ஒருவர், அந்தக் கால் கப்பை ரசம் சாதத்துக்குக் கொடுத்துவிட்டால் முட்டைக்கும் மீனுக்கும் பனீருக்கும் இடம் ஏது? அதனால்தான் முதல் வாய் புரதமாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சைவக்காரர்களுக்கு இது இன்னும் கடினம். புரதப் பவுடர் இல்லாமல் முதல் சில மாதங்களை ஓட்டுவது பெரும்பாடு. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்து வாய் வாயாகக் குடியுங்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை ஆயுள் முழுவதும். எடை குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு வருடம் கழித்துக் கால் மரத்துப்போகிறது என்று வருகிறவர்கள் உண்டு.

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை பலருக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். சத்தான சாப்பாடு தொடர்ந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். வயிற்றிலும் கைகளிலும் தோல் தொங்கும். எவ்வளவு நடந்தாலும் அது முழுதாக இறுகாது. இதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா, "என்னடி இப்படி வாடிப்போயிட்டே, முகமே ஒட்டிப்போச்சே" என்பார். அதே பந்தியில் இன்னொருவர், "ஆபரேஷன் பண்ணியும் இவ்வளவுதான் குறைஞ்சிருக்கா?" என்பார். உறவுக்காரர்களே, தயவுசெய்து இரண்டையும் சொல்லாதீர்கள்.

எடை மெஷின் காட்டாத பலன்களைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. மூன்று மாத்திரையும் இன்சுலினும் போட்டுக்கொண்டிருந்தவருக்குச் சர்க்கரை சில நாட்களிலேயே இறங்குவதுண்டு. எடை குறைவதற்கு முன்பே. சர்க்கரை வந்து சில வருடங்களே ஆனவர்களுக்கு இதில் பலன் அதிகம். மருந்தை டாக்டர் குறைப்பார், நீங்களாக நிறுத்த வேண்டாம். பின்னாளில் சர்க்கரை திரும்பி வரவும் கூடும், பரிசோதனையை விடாதீர்கள். தூக்கத்தில் மூச்சடைத்து எழுந்தவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மாடிப்படி ஏற முடிகிறது. கீழே உட்கார்ந்து எழ முடிகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் உட்கார முடிகிறது. 83 கிலோவில் இருக்கும் அந்த அம்மாவுக்கு இவை எல்லாமே கிடைத்திருக்கலாம். அறுபதுக்கு வரவில்லையே என்ற ஏக்கத்தில் அவர் எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்கிறார்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: ஒரு வருடத்தில் எனக்கு எத்தனை கிலோ? ஐந்து வருடத்தில் எத்தனை? சிக்கல் வந்தால் என்னென்ன வரலாம்? ஐந்து வருடம் கழித்தும் என்னைப் பார்க்க இங்கே யார் இருப்பார்கள்? இளம்பெண்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை வருடமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். அதற்கு என்ன ஏற்பாடு என்று.

ஏற்கெனவே ஆபரேஷன் செய்து, எடை திரும்ப ஏறிவிட்டதே என்று வெட்கப்பட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. சாப்பாட்டைச் சீர்படுத்த வழி இருக்கிறது, மருந்து இருக்கிறது, வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் வந்திருக்கின்றன, சிலருக்கு மறுபடி ஆபரேஷனும் உதவும். போன தடவை பார்த்த டாக்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள். உங்களுக்குச் செய்தது ஸ்லீவா, பைபாஸா என்பது அதில்தான் எழுதியிருக்கும்.