மழைக்கு முன் படகு மோட்டாரைப் பார்ப்போம்
(சங்கப் பொதுக்குழுவில் பேசியது)

2015 வெள்ளத்துக்குப் பிறகு நாம் வாங்கிய ரப்பர் படகை 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது இறக்கினோம். மோட்டார் திக்கித் திக்கி ஓடி கேட் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. தரைத்தளப் பாட்டியைத் துடுப்புப் போட்டுத்தான் கூட்டிவந்தோம்.

காரணம் பழைய பெட்ரோல். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் அடியில் தண்ணீர் தங்கும், கார்புரேட்டர் துளைகளில் பிசின் அடைக்கும். போன ஞாயிறு எல்லாவற்றையும் வடித்து, கார்புரேட்டரைக் கழுவி, புது பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றினேன். பிளக் கரி பிடித்திருந்தது, மாற்றினேன். டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருந்தாலும் இதே திக்கல்தான். காசில்லாத வேலை, முதலில் அதைப் பாருங்கள்.

மோட்டாரின் அடிப்பாகம் தண்ணீர் டிரம்மில் மூழ்கியிருந்தால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வெறுமனே ஓட்டினால் உள்ளே பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். நிறுத்தும்போது பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க இரண்டு பேர் தேவை. நோட்டு செயலாளரிடம் இருக்கிறது, பெயர் எழுதுங்கள்.