சிக்கனக் கத்தி யார் கழுத்தில்?



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், சர்க்காருக்குப் பணமுடை வந்தால் சிப்பந்திகளின் சம்பளத்திலும் சலுகையிலும் கை வைக்கலாமா என்பதாகும். இதைச் சொன்னதும் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்கள் சிலர் சிரித்ததைப் பார்த்தோம். "மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அவனுக்கு மாதா மாதம் சம்பளம், ஒரு சர்ட்டிபிகேட்டுக்குப் போனால் நம்மைப் பத்து நாள் நடக்க வைக்கிறான், அவனுக்காக நாம் ஏன் பரிந்து பேசவேண்டும்?" என்பதுதான் அந்தச் சிரிப்பின் அர்த்தம்.

அந்தக் கோபம் நியாயமானதே. லஞ்சம் வாங்குகிறவனுக்கு வக்காலத்து வாங்க நாம் இங்கு வரவில்லை. ஆனால் சம்பளத்தை வெட்டினால் லஞ்சக்காரனுக்கு என்ன நஷ்டம்? வெட்டுப்பட்டதை உங்களிடமே வசூல் செய்து கொள்வான். வாங்காத யோக்கியனுடைய பிள்ளைதான் பட்டினி கிடக்கும். மேலும் சிப்பந்தி என்றால் மோட்டாரில் போகும் பெரிய அதிகாரி மாத்திரமா? தெருக் கூட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், ஆஸ்பத்திரி நர்சு, ஆபீஸ் பியூன் எல்லோரும் சிப்பந்திகளே. வெட்டுகிற கத்தி இவர்களில் யார் கழுத்தில் முதலில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு 1931-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகிறோம். அப்போது உலகமெங்கும் வியாபார மந்தம். சர்க்கார் செலவைக் குறைக்க யோசனை சொல்லும்படி ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் மே என்பவர், பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உயர்ந்த உத்தியோகம் பார்த்தவர். ஜூலை மாதக் கடைசியில் வந்த அறிக்கை, சுமார் 12 கோடி பவுன் துண்டு விழும் என்று பயமுறுத்தி, வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் உதவிப் பணத்தையும் வாத்தியார்கள் முதலியோரின் சம்பளத்தையும் குறைக்கச் சொல்லிற்று. இந்தச் சண்டையில் ஆகஸ்டில் தொழிற்கட்சி மந்திரிசபையே கவிழ்ந்தது. அடுத்து வந்த கூட்டு மந்திரிசபை செப்டம்பரில் வெட்டைக் கொண்டு வந்தது.

கப்பற்படையில் நடந்ததைக் கேளுங்கள். பழைய விகிதப்படி நாள் ஒன்றுக்கு 4 ஷில்லிங் வாங்கிய மாலுமிக்கு 3 ஷில்லிங் என்றார்கள். அதாவது 100-க்கு 25 போயிற்று. மேலே இருந்த பெரிய அதிகாரிகளுக்கோ அந்த வீதத்தில் பாதிகூட வெட்டில்லை. இந்தச் செய்தியையும் மாலுமிகளில் அநேகர் மேலதிகாரி வாயால் கேட்கவில்லை. பத்திரிகையிலும் ரேடியோவிலும் தெரிந்து கொண்டார்கள். வீட்டு வாடகைக்கும் தவணைக் கடனுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்த குடும்பங்களின் கதி என்ன? செப்டம்பர் 15-ந் தேதி ஸ்காட்லாந்தில் இன்வர்கார்டன் துறையில் நின்ற பல போர்க்கப்பல்களின் மாலுமிகள் கப்பலை நகர்த்த மறுத்துவிட்டார்கள். கத்தியுமில்லை, ரத்தமுமில்லை. ஒரு வாரத்திற்குள் வெட்டு 100-க்கு 10-க்கு மேல் போகாது என்று சர்க்கார் இறங்கி வந்தது. ஆனாலும் பின்னால் பல மாலுமிகளை வேலையிலிருந்து நீக்கினார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், தங்கத்தின் பேரிலிருந்த பவுன் மதிப்பைக் காப்பாற்றத்தான் இந்தப் பலியெல்லாம் என்றார்கள். செப்டம்பர் 21-ந் தேதி அந்தத் தங்க ஏற்பாட்டையே கைவிட்டு விட்டார்கள். உலகம் இடிந்து விழுந்துவிடவில்லை. சாமிக்கு என்று ஏழையின் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய் வெட்டிவிட்டு, மறுவாரம் சாமியே இல்லை என்று சொன்னது போலாயிற்று! வெட்டிய சம்பளமோ 1935-ல்தான் முழுதும் திரும்பி வந்தது.

நம் நாட்டில் மாத்திரம் என்ன? 2003-ம் வருஷம் ஜூலையில் தமிழ்நாட்டில், பறிபோன சலுகைகளைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த சிப்பந்திகள், வாத்தியார்கள் சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், மிகப் பெரும்பாலோர் மன்னிப்பு எழுதிக் கொடுத்து உள்ளே போக நேர்ந்தது. 2020-ல் தொற்று நோய்க் காலத்தில் இந்திய சர்க்கார் அகவிலைப்படி உயர்வை 18 மாதம் நிறுத்தி வைத்தது. 2021 ஜூலையில் உயர்வைக் கொடுத்தார்கள். நிறுத்திய காலத்துப் பாக்கியைக் கொடுக்கவில்லை. அந்தப் 18 மாதத்திலும் நோயாளி பக்கத்தில் நின்றவரும், தெருவைச் சுத்தம் செய்தவரும் யார் என்பதை நாம் சொல்ல வேண்டுமா?

அப்படியானால் பஞ்ச காலத்தில் சர்க்கார் செலவைக் குறைக்கவே கூடாதா என்றால், அப்படி நாம் சொல்லவில்லை. குறைப்பதற்கு ஒரு முறை வேண்டும். முதலாவது, மந்திரிகளின் படாடோபத்திலும், வீண் விழாக்களிலும், பெரிய சம்பளங்களிலும் கத்தி முதலில் விழட்டும். இரண்டாவது, வயிற்றுக்கும் வாடகைக்குமே சரியாகப் போகும் சம்பளத்தைத் தொடக்கூடாது. மூன்றாவது, நிறுத்தி வைத்தது எதுவோ அது சர்க்காரின் கடன் என்று எழுதி வைத்து, நிலைமை திரும்பியதும் பாக்கியோடு கொடுக்க வேண்டும். பென்ஷன் என்பது தர்மமல்ல. 30 வருஷம் உழைத்ததற்குப் பின்னால் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட கூலி. கூலிப் பாக்கியை "கஜானாவில் இல்லை" என்று ஒரு மிராசுதார் சொன்னால் நீங்கள் ஒப்புக் கொள்வீர்களா?

வரவு செலவுத் திட்டம் என்பது பிரம்மா எழுதிய தலையெழுத்தல்ல. மனிதன் எழுதியது, மனிதன் திருத்தலாம். வாத்தியார் கூலியைக் குறைத்தால் உங்கள் குழந்தைக்கு வரி குறையப் போவதில்லை, படிப்புத்தான் குறையும்.

சிப்பந்தித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது இந்த வேட்டி கட்டிய விவசாயி. அவனை உட்காரச் சொல்லி மரியாதையாய் வேலையை முடித்துக் கொடுங்கள். உங்களுக்கு ஆபத்து வரும்போது அவன் சிரிக்கமாட்டான். உங்கள் பக்கத்தில் வந்து நிற்பான்.