போரும் நினைவும் உரிமையும்: சங்ககிரியிலிருந்து பாரீஸ் வரை



இன்று டிசம்பர் 6. அண்ணல் அம்பேத்கர் நம்மைப் பிரிந்த நாள். இந்த நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு தேதிகள் இருக்கின்றன. 1948 நவம்பர் 29 அன்று தில்லியில் அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை ஏற்றது. இன்று அதுதான் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பதினொரு நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, பாரீஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தை ஏற்றது. அந்தப் பிரகடனத்தின் இரண்டாம் பிரிவு இனம், நிறம், பால், மொழி, மதம், பிறப்பு என்று பாகுபாடுகளை வரிசையாகச் சொல்கிறது. சாதி என்ற சொல் அதில் இல்லை. தில்லியில் எழுதிய சட்டத்திலோ தீண்டாமை என்ற சொல்லே நேரடியாக இருக்கிறது.

ஏன் இப்படி? ஒவ்வொரு உரிமைச் சாசனமும் ஏதோ ஒரு போரின் நினைவிலிருந்துதான் எழுதப்படுகிறது. யாருடைய போர் நினைவில் இருக்கிறதோ, அவர்களுடைய துன்பம் சட்டத்தில் பெயர் பெறுகிறது. இதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தோம்.

பாரீஸ் பிரகடனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் ரெனே கஸ்ஸேன். 1914இல் போர்முனையில் படுகாயமடைந்தவர். போர் முடிந்ததும் ஊனமுற்ற சிப்பாய்களுக்கும் மாண்டவர்களின் குடும்பங்களுக்கும் உரிமை கேட்டு அமைப்பு கட்டியவர். இரண்டாம் உலகப்போரில் நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசு யூதரான அவருடைய குடியுரிமையைப் பறித்தது. அவருடைய உறவினர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஒரு அரசே தன் குடிமக்களைக் கொல்லும்போது அவர்கள் யாரிடம் போய் முறையிடுவது? அந்தப் பிரகடனத்துக்குப் பின்னால் இந்தக் கேள்வி இருந்தது.

ஆனால் அந்த நாட்டின் நினைவு எல்லாரையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளவில்லை. 1944 டிசம்பர் 1 அன்று, செனகல் நாட்டின் தாக்கார் அருகே தியாரோயே முகாமில், பிரான்சுக்காகப் போரிட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டுத் திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் தங்கள் சம்பள பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சு இராணுவம் அவர்களைச் சுட்டது. அரசுக் கணக்கில் 35 பேர் இறந்தார்கள். அந்தக் கணக்கை வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. அது படுகொலைதான் என்று பிரெஞ்சு அதிபர் ஒப்புக்கொள்ள 2024 ஆகிவிட்டது. 1942 ஜூலையில் பாரீஸ் நகரத்திலேயே பிரெஞ்சுக் காவல்துறை இரண்டு நாளில் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தது. அது பிரெஞ்சு அரசின் குற்றம்தான் என்று அதிபர் ஷிராக் சொன்னது 1995இல். பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஆண்டுதோறும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் மட்டுமே அரசு வாய் திறந்தது.

சரி, இதில் தமிழ்ச் சேரிக்கு என்ன வேலை? புதுச்சேரிக்குப் போவோம்.

1789இல் பிறப்பால் அனைவரும் சமம் என்று அறிவித்த அதே பிரான்சு, 1819இல் புதுச்சேரி மக்களை அவரவர் சாதி வழக்கப்படியே ஆள்வதாக உறுதி தந்தது. பாரீஸில் சமத்துவம், புதுச்சேரியில் சாதி வழக்கம். 1881 செப்டம்பரில் வந்த ஆணை ஒரு சிறு கதவைத் திறந்தது. தன் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக ஒருவர் பதிவு செய்தால், பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம். குடும்பப் பெயர் ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதவில் நுழைந்தவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் மிகுதி. ஆதிக்க சாதித் தலைவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். மூன்றாண்டுக்குள் வாக்காளர் பட்டியலே ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. சட்டம் சமமாக்கியவர்களைப் பட்டியல் மறுபடியும் பிரித்தது.

துறந்தவர்களுக்கு இராணுவமும் இந்தோசீனாவின் அரசு வேலைகளும் வழியாயின. அவர்களில் பலர் சிப்பாய் ஆனார்கள். புதுச்சேரி மக்கள் நாவில் அவர்கள் 'சொல்தா'. முதல் உலகப்போரில் மாண்ட பிரெஞ்சிந்தியர்களுக்காகக் கடற்கரையில் 1938இல் திறந்த நினைவுச்சின்னம் இன்றும் இருக்கிறது. ஜூலை 14 வந்தால் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களில் சொல்தா குடும்பங்கள் கணிசம். பிரெஞ்சுப் பென்ஷன் வந்த இடங்களில் பிள்ளைகள் படித்தார்கள், மாடி வீடு எழுந்தது, பண்ணையாருக்கு முன் துண்டை இடுப்பில் கட்ட வேண்டிய தேவை போனது.

இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டு நகர நமக்கு உரிமை இல்லை. அந்தச் சொல்தாக்களில் பலர் வியட்நாம் மக்களின் விடுதலைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர்கள். சேரியிலிருந்து தப்பிக்கக் கிடைத்த வழி, இன்னொரு மக்களை அடக்கும் படைக்குள் போய் முடிந்தது. சாதி தந்த நெருக்கடியை ஏகாதிபத்தியம் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது. இந்த வலியையும் சேர்த்துத்தான் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பீமா கொரேகானிலும் இதே சிக்கல் உண்டு. 1818இல் கம்பெனிப் படையில் நின்று பேஷ்வா படையோடு மோதி மாண்ட மகர் சிப்பாய்களின் பெயர்கள் அங்கே தூணில் இருக்கின்றன. அதே மகர்களை 1890களில் ஆங்கிலேய இராணுவம் 'போர்க்குணம் இல்லாத சாதி' என்று சொல்லிச் சேர்க்க மறுத்தது. வேண்டியபோது வீரன், வேண்டாதபோது தீண்டத்தகாதவன். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்குப் போனார். தூணை வணங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. மார்ச்சில் மகாடில் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். டிசம்பரில் அதே மகாடில் மனுஸ்மிருதி எரிந்தது. அந்த மாநாட்டை 1789இன் பிரெஞ்சுத் தேசிய சபையோடு ஒப்பிட்டுப் பேசினார். ஒரே ஆண்டில் நினைவு கோரிக்கையானது, கோரிக்கை போராட்டமானது. பின்னாளில், 1954இல், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்தே பெற்றதாக வானொலியில் சொன்னார். பாரீஸைப் படித்தார், வேரை இந்த மண்ணில் கண்டார்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். 1792இல் திப்புவோடு நடந்த போரின் முடிவில் சேலம் பகுதி கம்பெனியின் கைக்குப் போனது. 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பெருக்கு தோறும் அங்கே மாலைகள் குவிகின்றன. அவருடைய படையில் பொல்லான் என்ற அருந்ததியர் இருந்தார், பகைவர் நடமாட்டத்தைச் செருப்புக்குள் வைத்துச் சேதி அனுப்பினார், அதற்காகக் கொல்லப்பட்டார் என்று அருந்ததிய மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். பாடப்புத்தகமும் பட்டிமன்ற மேடையும் வெகுகாலம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. வளவில் இருந்த பாட்டிகளும் தாத்தாக்களும் சொன்னார்கள். அவர்கள் மறக்காமல் இருந்ததால், இயக்கங்கள் விடாமல் கேட்டதால், ஈரோடு மாவட்டம் ஜெயராமபுரத்தில் அரசு நினைவரங்கம் வந்தது.

ஒரே போரில் இறந்த இருவரில் ஒருவருக்குக் கோட்டை, இன்னொருவருக்கு இருநூறு ஆண்டுக் காத்திருப்பு. சாதி இறந்தவர்களையும் விட்டுவைப்பதில்லை.

தோழர்களே, அறிவிக்கப்படாத போர் ஒன்று இந்தச் சமவெளியில் இன்றும் நடக்கிறது. 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த, பொறியியல் படித்த தலித் இளைஞர் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று கதை கட்டப் பார்த்தார்கள். முக்கிய சாட்சி பிறழ்சாட்சியானார். கோயிலின் கேமராப் பதிவு பிறழவில்லை. அவருடைய தாயார் விடவில்லை. 2022 மார்ச்சில் மதுரையில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இங்கே நினைவு என்பது ஆண்டுக்கொருமுறை வைக்கும் மாலையாக இருக்கவில்லை. ஏழு ஆண்டு நீதிமன்றப் படியேறிய சாட்சியமாக இருந்தது.

மாணவ நண்பர்களே, உங்களிடம் எங்கள் அமைப்பு ஒரு வேலையைக் கேட்கிறது. ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ சங்ககிரியிலோ, உங்கள் வளவில் பட்டாளத்துக்குப் போனவர் யார், கொத்தடிமையாய் இறந்தவர் யார், டீக்கடையில் தனிக்குவளையை முதலில் மறுத்தவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பெயர், ஊர், ஆண்டு, சொன்னவர் யார், எல்லாவற்றையும் குறியுங்கள். செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தி என்றே எழுதுங்கள். ஆவணம் கிடைத்தால் நகலெடுங்கள். அடுத்த டிசம்பர் 6க்கு அந்த நோட்டுகளோடு வாருங்கள். இந்த மேடையில் சொற்பொழிவுக்கு முன் அந்தப் பெயர்களை வாசிப்போம்.

பாரீஸின் பட்டியலில் இடம்பெறாத சொல்லைத் தில்லியில் எழுத வைத்தது, மறக்க மறுத்த மக்களின் நினைவு. 17ஆம் பிரிவு எழுத்தில் இருக்கிறது. அது திருச்செங்கோட்டுக்கும் ஓமலூருக்கும் வந்து சேர, நாம் இன்னும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெய்பீம்.