இன்னும் இரண்டாண்டு எதற்கு?



ஆண்டு விழா மேடையில் பொறியியலையும் மருத்துவத்தையும் பற்றிக் கேட்டுப் பழகிய நமக்கு, ஓவிய மேற்படிப்பு புதிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும் நாம் குடியிருப்பது வடோதரா. மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950-இல் தோன்றிய ஊர். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாணவர் தேடி வரும் அக்கல்விக்கூடம் நம் வாயிலருகே இருக்க, நம் வீட்டுப் பிள்ளை அங்கே முதுகலை பயில விரும்பினால் நாம் முகம் சுளிக்கிறோம். “நான்கு ஆண்டு வரைந்தது போதாதா? இன்னும் இரண்டாண்டு எதற்கு?” என்கிறோம்.

கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண அச்சுப் பட்டறைக்குள் சற்றே நுழைவோம்.

அச்சோவியம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சுவரில் தொங்கும் நாட்காட்டி. அந்த நாட்காட்டிப் படத்தின் பழங்கதையிலும் இவ்வூருக்குப் பங்குண்டு. கும்பகோணத்தில் பிறந்து பரோடாவின் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவே, ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பும்படி ரவிவர்மாவுக்கு யோசனை கூறியவர். 1894-இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் எழுந்தது. அவருடைய லட்சுமியும் சரசுவதியும் நம் பாட்டிமார் பூசையறைக்கு வந்த வழி அது.

கல்லூரிப் பட்டறையில் நடப்பது வேறு. அங்கே வரைபவரே அச்சிடுபவர். எச்சிங் எனப்படும் முறையில், துத்தநாகத் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி வரைகின்றனர். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அரிக்கும் நேரம் மிகுந்தால் ஆழம் மிகும். ஆழத்திற்கேற்பக் கருமை கூடும். பின்னர் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துணியால் துடைத்து, நனைத்த தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்துவர். படம் இடவலம் மாறி விழும். ஒரு கோடு பிழைத்தால் ரப்பரால் அழிக்க இயலாது. தகட்டையே சுரண்டித் தேய்க்க வேண்டும். இத்தகைய பொறியை நம் இரண்டறை வீட்டில் எங்கே வைப்பது? அமிலத் தொட்டியைச் சமையலறையிலா?

பட்டறை ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. இளங்கலையில் ஆசிரியர் பயிற்சி கொடுப்பார். மாணவர் செய்து காட்டுவார். முதுகலையிலோ எதை வரைவது என்பதையே மாணவர் தேடிக் கண்டுகொள்ள வேண்டும். சில வாரங்களில் ஒன்றுமே தேறாது. வீட்டிலிருந்து பார்ப்பவர்க்கு அது சோம்பலாகத் தெரியும்.

கே.ஜி. சுப்ரமணியன் 1924-இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1944-இல் சாந்திநிகேதனம் சேர்ந்து ஓவியம் கற்றார். பின்னர் பரோடாவில் ஆசிரியரானார். ஆசிரியரான பின்னும் லண்டன் ஸ்லேடு பள்ளிக்குச் சென்று மறுபடியும் மாணவராக அமர்ந்தார். 2012-இல் பத்மவிபூஷண் பெற்று, 2016-இல் இந்நகரிலேயே மறைந்தார். இங்கே பயின்ற ஜோதி பட்டும் நேப்பிள்ஸ், நியூயார்க் நகரங்களுக்குச் சென்று கற்றுத் திரும்பி, இங்கே ஆசிரியராகப் பணியாற்றினார்.

படித்து முடித்தவுடன் வேலை உறுதி என்று நாம் கூற வரவில்லை. ஆசிரியப் பதவிகள் சிலவே. ஓவியம் விற்று வாழ்வோர் அதனினும் சிலர். இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் பேசுவது நலம். ஆனால் பேசுமுன் அவர்தம் படைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அச்சோவியத்தின் அடியில் பென்சிலால் 3/25 என்று எழுதியிருக்கும்: 25 படிகளுள் மூன்றாவது என்று பொருள். ஒவ்வொரு படியும் மூலமே. ஆதலால் அதன் விலை பெரும்பாலும் திரை ஓவியத்தினும் குறைவு. நம் போன்ற குடும்பத்தாரும் வாங்கலாம்.

எந்தக் கல்லூரியாயினும், சேர்க்குமுன் பட்டறையை நேரில் காணுங்கள். அழுத்தப் பொறிகள் எத்தனை, அமில அறையில் காற்றோட்டம் உண்டா, மாலையில் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். தாள், தகடு, மைச் செலவு யாருடையது என்பதையும் கேட்டறிந்து வாருங்கள்.