வைத்தியம் படிக்கக் கடல் கடந்த நாங்கள்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், வெளிநாடுகளில் மருத்துவம் கற்றுத் திரும்பிய பழைய மாணவிகள் நால்வரின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் நால்வரும் வெவ்வேறு ஆண்டுகளில் இங்கு படித்தவர்கள். உயர்தரப் பரீட்சையை இரண்டு முறை எழுதியும் மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை எட்டாதவர்கள். இருவர் வங்காளதேசத்துக்கும், ஒருவர் ரஷ்யாவுக்கும், ஒருவர் சீனாவுக்கும் போனோம். பெருமை பேச அல்ல, நடந்ததைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தோம்.

வட்டுக்கோட்டைக்கும் மேலை வைத்தியத்துக்கும் பழைய உறவு உண்டு. 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் எமது ஊரில்தான் பணி தொடங்கினார்; மறு ஆண்டு மானிப்பாய்க்குப் போனார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர், பின்னர் தமிழ் கற்று, தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் போன்ற நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. அன்று ஆசிரியர் கடல் கடந்து வந்தார். 1970களின் தரப்படுத்தலுக்குப் பின் எம் பிள்ளைகள் பலர் கடல் கடக்க வேண்டியதாயிற்று. 1978 இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவ பீடம் தொடங்கிய பின்னரும் விரும்பும் எல்லோருக்கும் இடமில்லை.

"எல்லாம் ஆங்கிலத்தில்தான்" என்று முகவர் சொன்னார். விரிவுரை ஆங்கிலம்தான், நோயாளி ஆங்கிலமல்லவே! மூன்றாம் ஆண்டில் வாட்டுக்குள் போனபோதுதான் அது விளங்கியது. வங்காளதேசத்தில் ஒரு கிழவி, நாங்கள் அவர் மொழியில் "எங்கே நோகுது?" என்று கேட்ட விதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு நாள்தோறும் எங்களைத் திருத்தினார். எமது முதல் வைத்திய ஆசிரியை அவர்தான் என்று இன்றும் சொல்வோம். கிறீன் வைத்தியர் தமிழ் படித்த பாட்டை அங்கேதான் உணர்ந்தோம்.

வீட்டுப் பாட்டையும் சொல்ல வேண்டும். காணி ஈட்டுக்குப் போனது. அம்மாமாரின் நகை போனது. 2022 இல் ஓரிரு மாதங்களில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டபோது, எம்மில் இளையவள் கடைசி ஆண்டில் இருந்தாள். அப்பா சைக்கிளில் கடன் கேட்டு அலைந்த கதையை அவள் திரும்பி வந்த பிறகுதான் அறிந்தாள்.

பட்டத்தோடு வந்தாலும் வேலை முடிவதில்லை. இலங்கை மருத்துவச் சபையின் பதிவுக்கான பரீட்சையில் சித்தியடைந்த பிறகே உள்ளகப் பயிற்சி. எம்மில் ஒருத்தி மூன்றாம் முறைதான் சித்தியடைந்தாள். அதுவரை கோயில் வீதியில் "பிள்ளை இன்னும் டொக்டராகேல்லையோ?" என்ற கேள்விக்குப் பயந்து, பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு கும்பிடப் போனாள்.

எம்மோடு போன இன்னொருத்தி இரண்டாம் ஆண்டோடு திரும்பிவிட்டாள். வைத்தியம் அவள் விருப்பமல்ல, வீட்டாரின் விருப்பம். இன்றைய விழாவுக்கு அழைத்தோம், வரவில்லை. அவள் தோற்றவள் அல்ல. அவளிடம் ஒருவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. தோழிகளாகிய நாங்களும் கேட்கவில்லை. அந்தக் குறை எமக்கு இன்னும் உண்டு.

ஆகவே பெற்றோரே, முகவரின் சொல்லோடு நிற்காதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறார்களா என்று மருத்துவச் சபையிடமே நேரில் கேளுங்கள். ஒரு வருடக் கட்டணத்தை அல்ல, முழுப் படிப்பின் செலவையும், அதன்பின் வருமானமின்றி இருக்கும் காலத்தையும் கணக்கிடுங்கள். போகும் நாட்டின் மொழியை விமானம் ஏறுமுன்பே தொடங்கச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், "உனக்கு விருப்பமோ?" என்று பிள்ளையைக் கேளுங்கள், அவள் "இல்லை" என்றால் அதையும் கேளுங்கள்.

தங்கைமாரே, வெட்டுப்புள்ளி உங்கள் பெறுமதியை அளப்பதில்லை. போக நினைப்பவர்கள் கையெழுத்து வைக்குமுன் பெற்றோருடன் எம்மிடம் வாருங்கள். எமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்வோம். எம்மை வளர்த்த கல்லூரிக்கு நாங்கள் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.